திரையில் வெடிப்பா, ரேகையா

செய்தித்தாள் அலுவலகத்தில் என் வேலை, அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பது. இருபத்திரண்டு ஆண்டுகள் அதைச் செய்தேன். முதல் பிரதிகள் இயந்திரத்திலிருந்து வந்து விழும்போது ஒரு கரும்புள்ளி தெரிந்தால், அது எதனுடைய புள்ளி என்பதுதான் முதல் கேள்வி. பத்துப் பிரதிகளை அடுக்கி ஒரே மூலையைப் பிடித்துப் புரட்டுவோம். பத்திலும் அதே இடத்தில் இருந்தால் புள்ளி அச்சுத் தகட்டில் இருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தித் தகட்டைத் துடைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது தாளின் புள்ளி, இயந்திரம் ஓடலாம். வெறும் தாள் புள்ளிக்காக இயந்திரத்தை நிறுத்தியவர் ஒரு வாரம் கேலியைச் சுமக்க வேண்டும். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாதவரை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். விளக்கம் கேட்பார்கள்.

வேலையை விட்ட பிறகு கே.கே. நகர் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். அதற்காக ஒரு லேப்டாப் வாங்கினேன். வாங்கிய இரண்டாம் வாரம் அதன் திரையில் நிறம் கசிவதைக் கண்டேன். திறந்து வைத்த ஒவ்வொரு விண்டோவின் தலைப்பட்டையிலும் மெல்லிய செம்மை படிந்திருந்தது. பட்டியல் ஒன்று விரிந்தால் அதற்குப் பின்னால் இருந்த எழுத்துகள் எண்ணெய்த் தாளுக்கு அப்பால் இருப்பவை போல மங்கின. வண்ண அச்சில் ஒரு நிறம் நூலளவு விலகினால்கூட முகங்களுக்கு இரண்டு உதடுகள் வந்துவிடும். அந்த விலகலைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. திரை போய்விட்டது என்று முடிவு செய்து, டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கக்கா கசியுது?"

விரலால் காட்டினேன். அவர் பின்னணியில் நான் வைத்திருந்த செம்பருத்திப் படத்தை எடுத்துவிட்டு வயல்வெளிப் படம் ஒன்றை வைத்தார். தலைப்பட்டையின் செம்மை போய்ப் பச்சை வந்தது.

"இது சீக்கு இல்லக்கா, மேக்கப்பு. பின்னாடி இருக்க படத்துல இருந்து கலர எடுத்து நெத்தியில பூசிக்கும். அழகுக்காம்."

"அந்த மங்கல்?"

"அதுவும் மேக்கப்புதான். மஸ்லின் துணி போட்டு மூடுன மாதிரி இருக்கணும்னு வச்சிருக்கான். வேணாம்னா நிறுத்திக்கலாம்." இரண்டு இடத்தில் தட்டினார். செம்மையும் மங்கலும் இல்லாத, தட்டையான, எனக்குப் பிடித்த திரை வந்தது. "இனிமே சந்தேகம் வந்தா இம்புட்டுத் தூரம் வராதீங்க. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்க. கறை அந்தப் படத்துலயும் வந்துச்சுன்னா, மிஷின் தெரிஞ்சே வரையுது, கண்ணாடி நல்லாருக்கு. படத்துல வரலைன்னா கண்ணாடி போச்சு."

இந்த விதி எனக்கு உடனே பிடித்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது தகடு. கண்ணாடி என்பது தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்ததையே அவர் வேறு பெயரில் எனக்குக் கொடுத்திருந்தார்.

அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் நான் சிறிது காலம் மருத்துவராக இருந்தேன். எதிர் வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் திரையில் அம்புக்குறி நகரும்போது அதன் பின்னால் வால் போல ஐந்தாறு அம்புக்குறிகள் ஓடின. அதைத் தன் கண் புரையின் வேலை என்று நினைத்துக் கண் மருத்துவமனையில் நேரம் வாங்கியிருந்தார். வால் காட்டும் வசதியை நிறுத்தினேன். மருத்துவமனை நேரம் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார். கீழ் வீட்டுக் குருக்களின் திரை ஒரு நாள் காலையில் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பின்னணியில் இருந்த மீனாட்சியம்மன் சாம்பல் நிறத்தில் நிற்பதைப் பார்த்து எல்லோர் முகமும் ஒரு மாதிரி இருந்தது. ஏதோ மூன்று விசைகள் ஒன்றாக அமுங்கியதில் வண்ண வடிகட்டி விழுந்திருந்தது. அதே மூன்றை மறுபடி அமுக்கினேன். அம்மன் பச்சையானாள். குருக்களின் மனைவி எனக்குச் சுண்டல் கொடுத்தார்.

இவற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விதி நாலைந்து தடவை தொடர்ந்து பலித்துவிட்டால், நாம் பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு விதியைப் பார்க்கத் தொடங்குகிறோம். எனக்கு அதுதான் நடந்தது.

என் பழைய அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் ஆறு ஆண்டுகள் பக்கம் வடிவமைத்த பெண் ஒருத்தி உண்டு. மேலூருக்கு அப்பால் நான்கு கிலோமீட்டரில் அவள் ஊர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து இறங்கி வேலைக்கு வருவாள். படம் ஒன்று பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது அவள் பெயரும் அதில் இருந்தது. ஒரு வருடம் கழித்து, பள்ளிப் புத்தகங்களை வடிவமைக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். லேப்டாப்பை நிறுவனமே அனுப்பியிருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மகளை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக முடியாதவளுக்கு இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் கணவர். அவர் மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் கல் பாலிஷ் போடுகிறவர். லேப்டாப் ஒரு பூத்துவாலையில் சுற்றப்பட்டு அவள் மடியில் இருந்தது. அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வண்டியிலயா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வண்டியா?" என்றாள் அவள். "இனி இதத் தூக்கிக்கிட்டு இவரு வண்டியில ஏறுறதாக்கா? பஸ்லதான் வந்தோம்."

அவர் வாழைப்பழத்தை மேசை மேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. ஆயுத பூஜைக்கு மறுநாள், மகளையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பை, வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல். குவாரி லாரிகள் போகும் சாலை. வேகத்தடை ஒன்றை அவர் பார்க்கவில்லை. பை ஒரு முறை எகிறி டேங்க் மேலேயே விழுந்திருக்கிறது. பூஜைக்குப் பிறகு முதல் முறையாக அன்று சாயங்காலம் திறந்தபோது திரை மங்கலாக இருந்தது. அன்றிலிருந்து அப்படியேதான்.

"வெளிச்சத்த ஏத்துற பட்டன அமுக்குனா ஏறுதுக்கா. கொஞ்ச நேரத்துல தானா எறங்கிருது. பழைய டியூப் லைட்டு கணக்கா."

"வேலை எப்படிப் போகிறது?"

அவள் போனில் மேற்பார்வையாளரின் குறிப்பைக் காட்டினாள். திரை மங்கலாகத் தெரிந்ததால் படங்கள் இருட்டாக இருக்கின்றன என்று நினைத்து, அறிவியல் புத்தகத்துக்கான படங்களையெல்லாம் அவள் வெளுப்பாக்கி அனுப்பியிருக்கிறாள். இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டன.

"தவளைக்கு வெள்ளையடிச்சுட்டீங்களான்னு கேக்குறாங்கக்கா." சிரிக்க முயன்றாள். "வெள்ளிக்கெழம கடைசிப் பன்னெண்டு பக்கம் குடுக்கணும். அதுவும் திரும்புச்சுன்னா அவ்வளவுதான்."

"கம்பெனியிடம் சொன்னாயா?"

"சொன்னா மிஷின எடுத்துட்டுப் போயிருவாங்க. வேற மிஷின் நிரந்தரமா இருக்கவங்களுக்கு மட்டுந்தான். சோதனையில இருக்கவங்களுக்குக் கெடையாது. அப்பிடின்னா சோதன அதோட முடிஞ்சதுன்னு அர்த்தம். சொல்லாமயும் இருக்க முடியாதுல்லக்கா? அது அவங்க பொருளு." அவள் துவாலையைப் பிரித்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க. கண்ணாடிதான் போச்சுன்னா நானே எழுதிப் போட்டுருறேன். வேற என்னமாச்சும் இருந்தா நல்லது."

அப்படியாக அந்த முடிவு என் மேசைக்கு வந்தது.

லேப்டாப்பின் மூடி மேல் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சார்ஜரில் மூன்று கோடு விபூதி. திறந்தால், திரைக்கு மேலே உள்ள கறுப்புச் சட்டத்தில் இன்னொரு பொட்டு, பட்டாணி அளவில், காய்ந்து நுனியில் லேசாக வெடித்திருந்தது. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இந்த ஊரில் பொட்டு இல்லாத பொருளைக் காண்பதுதான் கடினம். பஸ்ஸின் ஸ்டியரிங், தண்ணீர் மோட்டார், மிக்சி, வங்கியின் பணம் எண்ணும் இயந்திரம், எல்லாவற்றிலும் இருக்கும். அவற்றை யாரும் துடைப்பதில்லை; தானாக உதிரும்வரை இருக்கும். நான் அந்தப் பொட்டைப் பார்ப்பதைக் கவனித்து அவள் சொன்னாள்:

"எங்க மாமியா நெத்தியில வைக்கணும்னாங்க. நடுவுல வச்சா கேமராவ மறைச்சுரும்ல, மீட்டிங்ல எல்லாருக்கும் குங்குமமாத் தெரியும். அதான் ஒரு நகம் அளவு வலப்பக்கமா ஒதுக்கி வச்சேன்."

பக்கம் வடிவமைப்பவளின் கை என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டினேன். பிறகு திரையைப் பார்த்தேன்.

மங்கல்தான். சந்தேகமே இல்லை. விண்டோ ஒன்றைப் பிடித்து இடமும் வலமும் நகர்த்தினேன். மங்கல் விண்டோவோடு நகரவில்லை, திரை முழுவதும் ஒரே சீராக நின்றது. பின்னணிப் படத்தை மாற்றினேன், மாற்றம் இல்லை. அலங்காரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன், மாற்றம் இல்லை. கடைசியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பினேன். போனில் படம் பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

படத்தில் இல்லை. கண்ணாடியில் இருக்கிறது. விதி சொல்லிவிட்டது.

"திரைதான்" என்றேன். "பின்னால் இருக்கும் விளக்கு அடிபட்டிருக்கிறது."

அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எனக்கு இது வெடிப்பாத் தெரியலக்கா."

"எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி?"

"கல்லுல கோடு தெரிஞ்சா அது ரேகையா வெடிப்பான்னு பாக்கணும்ல. தண்ணியத் தெளிச்சுக் காய விடுவோம். ரேகைன்னா கல்லோட சேந்து காஞ்சுரும். வெடிப்புன்னா அது மட்டும் ஈரமா நிக்கும். வெடிப்பு ஒருக்காலும் மனசு மாறாது." திரையைக் காட்டினார். "இது மாறுதுக்கா. எங்க வீட்டுச் சன்னல் பக்கம் கொண்டு போனா கொஞ்சம் ஏறுது. உள்ளுக்குள்ள வந்தா எறங்கிருது."

"வெயிலில் கண்ணுக்கு அப்படித் தெரியும்" என்றேன்.

"அதான், ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் அவள். "போட்டு ஒடைச்சதும் நீங்க, டாக்டரும் நீங்களா? அக்கா இருவது வருசமா இதத்தான் பாக்குறாங்க."

அவர் மறுபடி வாழைப்பழத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான்கு நாட்களாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று என் எதிரில் பேசியதுதான் முதல் பேச்சு.

நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். "நீங்க எழுதுனா நறுக்குன்னு இருக்கும்க்கா." எழுதினேன். நான்கு வரி. வண்டியில் கொண்டுபோகும்போது திரை சேதமடைந்தது என்பது இரண்டாவது வரி. 'சேதமடைந்ததாகத் தெரிகிறது' என்று எழுதவில்லை. செய்தியில் நாங்கள் கற்றது அதுதான்: உறுதியாகத் தெரிந்ததை மழுப்பாமல் எழுது. அவள் வாசித்தாள், தலையாட்டினாள், மெயிலில் வரைவாகச் சேமித்துக்கொண்டாள். "மாமியாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பிருறேன். வாரேன்க்கா." துவாலையை முன்பு சுற்றியிருந்ததைவிட இன்னும் கவனமாகச் சுற்றினாள்.

அவர்கள் போன பிறகு என் மெய்ப்பைத் திறந்து உட்கார்ந்தேன். நாலரை மணிக்கு என் மேற்குச் சன்னல் வழியாக வெயில் மேசைக்கு வந்துவிடும். வழக்கம்போல எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல என் லேப்டாப் ஓரிரு விநாடி தயங்கி, மெல்ல மங்கியது.

இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அது இப்படி மங்குகிறது. ஒரு நாளும் அதைக் கோளாறு என்று நான் நினைத்ததில்லை. அறை இருட்டினால் திரையும் அடங்கும். கண் கூசாமல் இருக்க அப்படி ஒரு வசதி. அவ்வளவுதான்.

அப்போது அவர் சொன்னது திரும்ப வந்தது. சன்னல் பக்கம் போனால் ஏறுகிறது. உடைந்த பொருளுக்குச் சன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

என் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனேன். மேல் சட்டத்தின் நடுவில் கேமரா. அதற்கு வலப்பக்கம், ஒரு நகம் அளவு தள்ளி, ஊசி முனையால் குத்தியது போல இன்னொரு துளை. அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று இயந்திரம் பார்ப்பது அதன் வழியாகத்தான் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலால் அதை மூடினேன். திரை இன்னும் ஒரு படி இறங்கியது. விரலை எடுத்தேன். ஏறியது.

அவளுடைய திரைச் சட்டத்தை ஒரு பக்கத்தை நினைவுபடுத்துவது போல நினைவுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் கேமரா. வலப்பக்கம், ஒரு நகம் அளவு தள்ளி, பட்டாணி அளவில் காய்ந்த சந்தனம். சன்னல் வெளிச்சம் அதன் நுனியில் இருந்த வெடிப்பு வழியாகக் கொஞ்சம் கசிந்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய அனுபவம் உண்டு. பெரிய தவறுகள் சிறிய எழுத்தில் இருப்பதில்லை. தலைப்பில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும். எல்லோரும் பார்ப்பதால் யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பொட்டைப் பற்றி அவளே எனக்கு விளக்கமும் சொல்லியிருந்தாள். நான் தலையாட்டியிருந்தேன்.

போன் செய்தேன். ஆறேழு முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"மெயில் அனுப்பிவிட்டாயா?"

"இன்னும் இல்லக்கா. ஒத்தக்கடை தாண்டிட்டோம். மனசு கேக்கல, போன்ல இருந்தே அனுப்பிருவோம்னு எடுத்தேன். இவருதான், மேலூர் வரைக்குமாச்சும் ஒனக்கு வேல இருக்கட்டுமேன்னாரு."

"அனுப்பாதே. லேப்டாப்பைத் திற."

"பஸ்லயா?"

"பஸ்ஸில்தான். கேமராவுக்குப் பக்கத்தில் வைத்த பொட்டைத் துடை."

துவாலையைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டது.

"தொடைக்கவாக்கா? பூசைக்கு வச்சதுல்ல."

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வயதானவராக இருக்க வேண்டும். "என்னத்தா தொடைக்கச் சொல்றாக?"

"பொட்டையாம் பாட்டி."

"எவ சொன்னவ? நல்ல நாள்ல வச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாகளா? அது தானா உதுரணும்."

"கண்ணுல வச்சுட்டோம் போல பாட்டி" என்று அவள் சொல்வது கேட்டது. நான் இன்னும் எதையும் விளக்கவில்லை, அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "நெத்தின்னு நெனச்சு கண்ணுல வச்சுட்டேன்."

"கண்ணுலயா வச்ச?" என்றார் பாட்டி. "அப்பன்னா தொட."

அவள் நகத்தால் சுரண்டத் தொடங்கியிருக்க வேண்டும். அவள் கணவரின் குரல் குறுக்கே வந்தது. "சுரண்டாத, கோடு விழுந்துரும். தள்ளு, துண்ட நனைச்சுக்கிறேன்." தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கும் ஓசை. பிறகு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. எதிரே யானைமலையைத் தாண்டும் இடம் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போட்டதற்குக் காரணம், வேறு எதுவும் செய்வதற்கு இல்லை.

"அக்கா."

"சொல்லு."

"ஏறுதுக்கா. மெல்ல ஏறுது. இருங்க… வந்துருச்சு. வந்துருச்சுக்கா, கண்ணு கூசுது."

"ஆத்தாடி, அம்புட்டு வெளிச்சமா!" என்றார் பாட்டி.

அவள் கணவர் கேட்டார், என்னிடம் அல்ல, அவளிடம்: "அப்ப நான் ஒடைக்கலையா?"

"கண்ணாடி ஒடையலன்னுதான் சொல்றாங்க. வேகத்தடையில வண்டிய எகிற விட்டது எகிற விட்டதுதான்."

"நாலு நாளா சோறு போடும்போதுகூட மூஞ்சியப் பாக்கல."

"பாத்தா சிரிச்சுருவேன்னு பாக்கல. இப்ப என்னங்குறீக?"

பாட்டி சத்தமாகச் சிரித்தார். போனைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தம்பி, நீங்கள் சொன்னதுதான் சரி. நான் காதில் வாங்கவில்லை. தப்பு என்னுடையது."

செய்தித்தாளில் தவறு வந்தால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். ஒருவரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்வது எனக்கு அதிகம் பழக்கமில்லை.

"இருக்கட்டும்க்கா" என்றார். "நீங்க படத்தப் பாத்தீக. நான் அதத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன், அம்புட்டுத்தான். கல்லயும் போட்டோவுல பாத்துச் சொல்லுங்கன்னு கேப்பாக. நான் மாட்டேம்பேன்."

அவர் குத்திக்காட்டும் நோக்கத்தோடு சொல்லவில்லை. அதனால் அது சரியான இடத்தில் போய்த் தைத்தது.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்து, அவருடைய விதி பொய்த்துப்போனதைச் சொன்னேன். கொஞ்சம் புகார்க் குரலில்தான் சொன்னேன்.

"அக்கா, ரேடியோவுல நீங்க சவுண்டக் கொறச்சா, ஸ்டேசன்ல பாடுறவன் குரலு கொறஞ்சுருமா? ஸ்கிரீன்ஷாட் ஸ்டேசன்ல எடுக்குறது. வெளிச்சம் உங்க வீட்டு ரேடியோவுல இருக்குறது. அது எப்பிடிப் படத்துல வரும்?"

"இதை நீங்கள் முதலிலேயே சொல்லவில்லையே?"

"நீங்க கறையத்தான கேட்டீங்க? கறைக்குச் சொன்னேன். வெளிச்சத்துக்குக் கேக்கலையே." பிறகு, "பொட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். "இந்த வாரம் நீங்க சொல்றது மூணாவதுக்கா. ஒருத்தரு கேமராவுலயே வச்சுட்டு, படம் வரலன்னு கொண்டாந்தாரு. இன்னொருத்தரு ஸ்பீக்கர் ஓட்டையில சந்தனத்த அப்பிட்டாரு. வருசா வருசம் வாரதுதான்."

மூன்றாவது என்று கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அந்த மற்ற இருவருக்கும் யாரும் நான்கு வரியில் நறுக்கென்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், நான் ஒவ்வொரு சோதனையையும் சரியாகவே செய்திருந்தேன். விண்டோவை நகர்த்தினேன், படத்தை மாற்றினேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். செய்யாமல் விட்டது ஒன்றுதான்: நாற்காலியை விட்டு எழுந்து, லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, என் வீட்டுச் சன்னல்வரை நான்கு எட்டு நடப்பது. ஒருவர் அதைச் செய்து பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். அவர் கல் பாலிஷ் போடுகிறவர் என்பதாலும், உடைத்தது அவர்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததாலும் நான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, சாக்காக எடுத்துக்கொண்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லையும் சேர்த்து எழுது என்று புதிதாக வருகிற நிருபர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் பன்னிரண்டு பக்கங்களையும் முதலிலிருந்து செய்தாள். தானாக ஏறி இறங்கும் வசதியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வெள்ளி மதியம் ஒரு பக்கத்தை எனக்கும் அனுப்பினாள். குளத்தங்கரையில் தவளை. முதுகில் கரும்பச்சை, வயிற்றில் இளமஞ்சள், கண்ணில் ஒரு துளி வெளிச்சம். படம் பக்கத்தின் நடுவில், ஒரு மில்லிமீட்டரும் இறங்காமல் இருந்தது. பார்த்துவிட்டு, போனைச் சன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தேன்.

துடைத்த பொட்டைப் பற்றி அவளுடைய மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டுக்குப் போனதும் அவள் கணவரே சந்தனம் குழைத்து, மூடியின் பின்பக்கம் பழைய பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தாராம். வைப்பதற்கு முன் அந்த இடத்தில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. நிறுவனத்தின் மெயில், ஸ்கிரீன்ஷாட்டாக. இரண்டே வரி. பக்கங்கள் ஏற்கப்பட்டன என்பது முதல் வரி. திங்கட்கிழமை முதல் நிரந்தரப் பணி என்பது இரண்டாவது.

ஸ்கிரீன்ஷாட்டில் திரையின் வெளிச்சம் வராது என்பது இப்போது எனக்குத் தெரியும். ஆகவே அவள் அதை எந்த அளவு வெளிச்சத்தில் வாசித்தாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போன் செய்து கேட்டேன். வாசலில் உட்கார்ந்து, நல்ல வெயிலில் வாசித்ததாகச் சொன்னாள்.